ஏழை ஊதாரி, பணக்காரர் சிக்கனக்காரர்: இந்தப் பேச்சில் உண்மை எவ்வளவு?

நீலவானம்:

பணத்தைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே இரண்டு வாக்கியங்கள் தவறாமல் வந்துவிடுகின்றன. "அவங்க கையில காசு தங்காது, கொடுத்தா குடிச்சே அழிச்சிடுவாங்க" என்பது ஒன்று. "பணக்காரன் எப்படிப் பணக்காரன் ஆனான்? அனாவசியமா ஒரு காசு செலவு பண்ண மாட்டான்" என்பது இன்னொன்று. சொல்பவர்கள் பெரும்பாலும் நடுவில் இருப்பவர்கள். ஏழை வீட்டுக் கணக்கையும் பார்த்ததில்லை, பெரும் பணக்காரர் வீட்டுக் கணக்கையும் பார்த்ததில்லை.

கண்ணில் படும் செலவை வைத்துத்தான் நாம் தீர்ப்புச் சொல்கிறோம் என்பது என் எண்ணம். ஏழை ஒரு புதுச் செல்பேசி வாங்கினால் அது அக்கம்பக்கத்துக்கே தெரிகிறது. பணக்காரரின் பெரிய செலவுகள் ஒரு கையெழுத்தில் முடிந்துவிடுகின்றன, யாரும் பார்ப்பதில்லை. அப்புறம், ஏழைக்குப் பணம் எவ்வளவு குறைவு என்று பேசுகிறோமே தவிர, அது எப்போது வரும், எப்போது வராமல் போகும் என்பதை யாரும் பேசுவதில்லை. எனக்கு அதுதான் பாதி விஷயம் என்று தோன்றுகிறது.

இரண்டில் எந்தப் பக்கத்தையாவது கிட்ட இருந்து பார்த்தவர்கள் எழுதுங்கள்.

கணக்குப்பிள்ளை:

குடித்து அழிப்பார்கள் என்ற பேச்சுக்கு நேரடியான பதில் இருக்கிறது. உலக வங்கியைச் சேர்ந்த டேவிட் இவான்ஸ், அன்னா பொப்போவா இருவரும் 2014-இல் ஒரு தொகுப்பாய்வு செய்தார்கள். லத்தீன் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, ஆசியா என்று பல இடங்களில் ஏழைக் குடும்பங்களுக்கு ரொக்கமாகப் பணம் கொடுத்த திட்டங்கள் பற்றிய 19 ஆய்வுகளை எடுத்துக்கொண்டு, பணம் வந்த பிறகு மதுவுக்கும் புகையிலைக்கும் செலவு கூடியதா என்று பார்த்தார்கள். கூடவில்லை. பெரும்பாலும் மாற்றமே இல்லை, சில இடங்களில் குறைந்திருக்கிறது.

கென்யாவில் ஹௌஸ்ஹோஃபர், ஷாபிரோ செய்து 2016-இல் வெளியான ஆய்விலும் இதே கதைதான். எந்த நிபந்தனையும் இல்லாமல் பணம் கொடுத்தார்கள். சாப்பாட்டுக்கும் வீட்டுக்கும் கால்நடைக்கும் செலவு கூடியது. மதுவுக்கும் புகையிலைக்கும் கூடவில்லை.

எனக்கு இன்னும் முக்கியமாகப் படுவது கனடாவின் வான்கூவரில் நடந்தது. வீடில்லாமல் இருந்த 50 பேருக்கு ஆளுக்கு 7,500 கனடிய டாலரை ஒரே தடவையில் கொடுத்தார்கள். முடிவுகள் 2023-இல் வெளியாயின. தெருவிலும் காப்பகங்களிலும் கழித்த நாட்கள் குறைந்தன, சேமிப்பு கூடியது, குடி, போதைச் செலவு கூடவில்லை. அதோடு நிற்காமல், இப்படிப்பட்டவர்களுக்குப் பணம் கொடுத்தால் என்ன செய்வார்கள் என்று பொதுமக்களிடமும் கேட்டார்கள். வீடு இருப்பவர்களைவிட இவர்கள் போதைக்கு அதிகம் செலவழிப்பார்கள் என்றுதான் மக்கள் கணித்தார்கள். நாம் நினைப்பதும் நடப்பதும் எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்பதை ஒரே ஆய்வில் அளந்து காட்டியது இதுதான்.

கடைசி பெஞ்ச்:

அந்த வான்கூவர் ஆய்வை முழுதாகச் சொல்லுங்கள் நண்பரே. கடுமையான போதைப் பழக்கம் உள்ளவர்களையும் மனநலச் சிக்கல் தீவிரமாக இருந்தவர்களையும் ஆரம்பத்திலேயே விலக்கிவிட்டுத்தான் ஆட்களைச் சேர்த்தார்கள். அதை விட்டுவிட்டுச் சொன்னால் ஆய்வையே சந்தேகப்படுவார்கள்.

இன்னொன்று. லாட்டரிக்கும் புகையிலைக்கும் ஏழைகள் தங்கள் வருமானத்தில் கொடுக்கும் பங்கு பணக்காரர்கள் கொடுப்பதைவிட அதிகம் என்பது பல நாடுகளில் தெரிந்த விஷயம். ஏழைகள் எல்லாரும் புத்திசாலித்தனமாகச் செலவு செய்கிறார்கள் என்று சொல்வதும் ஒரு கட்டுக்கதைதான். வீட்டில் ஒன்றுமில்லாமல் தவணையில் செல்பேசி வாங்குகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். விரலுக்கேற்ற வீக்கம் வேண்டாமா?

கணக்குப்பிள்ளை:

விலக்கியது உண்மைதான், சேர்த்துச் சொன்னதற்கு நன்றி. ஆனால் வீடற்றவர்கள் எல்லாருமே போதைக்காரர்கள் என்ற எண்ணத்தோடு அதைப் பொருத்திப் பாருங்கள். கடுமையான போதைப் பழக்கம் இல்லாதவர்களும் அவர்களிலேயே இருந்தார்கள், நம் கண்ணில்தான் படவில்லை.

பங்குக் கணக்கில் ஒரு விஷயத்தை மறக்கக்கூடாது. வருமானம் சிறியதாக இருந்தால் சின்னச் செலவும் பெரிய பங்காகத்தான் தெரியும். எர்ன்ஸ்ட் ஏங்கல் என்ற ஜெர்மானியப் புள்ளியியலாளர் 1857-லேயே, பெல்ஜியத் தொழிலாளர் குடும்பங்களின் கணக்குகளைப் பார்த்து, வருமானம் குறையக் குறைய உணவுக்குப் போகும் பங்கு கூடும் என்று காட்டினார். அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டஃப்ளோவும் 13 நாடுகளின் தரவுகளைத் தொகுத்தபோது, நாளுக்கு ஒரு டாலருக்கும் குறைவாக வாழும் கிராமத்துக் குடும்பங்களில் செலவில் 56 முதல் 78 சதவீதம் வரை உணவுக்குப் போனது தெரிந்தது. அதே கட்டுரையில் உங்கள் பக்கத்துக்கும் சான்று இருக்கிறது. உதய்ப்பூரில் ஓர் ஏழைக் குடும்பம் மது, புகையிலை, விழாக்களுக்குச் செலவழிப்பதை உணவுக்குத் திருப்பினால், 30 சதவீதம் வரை கூடுதலாக உணவு வாங்க முடியும் என்று எழுதியிருக்கிறார்கள். ஆக, எல்லாமே வயிற்றுக்குத்தான் போகிறது என்று நானும் சொல்லவில்லை. ஏழையும் மனுஷன்தான். நாளெல்லாம் உழைத்துவிட்டு வருகிறவனுக்குக் கொஞ்சம் சந்தோஷம் வேண்டும் என்பது தப்பா?

தவணைப் புத்தகம்:

கடைசி பெஞ்ச் சொன்ன செல்பேசி விஷயத்துக்கு நான் பதில் சொல்கிறேன். வீட்டுப் பொருட்களைத் தவணைக்கு விற்கும் ஒரு கடையில் கணக்கு எழுதும் வேலையில் பல காலம் இருந்தேன். கடையின் பெயர் இங்கே வேண்டாம்.

வருகிறவர்களில் பாதிப்பேர் மொத்த விலையைக் கேட்கவே மாட்டார்கள். "வாரம் எவ்வளவு?" என்பதுதான் முதல் கேள்வி. முதலாளி அதை அறியாமை என்று நினைத்தார். கணக்குப் பார்க்கத் தெரியாதவர்கள் என்று சொல்லி, மொத்தத் தொகையைச் சின்ன எழுத்தில் அடிக்கச் சொன்னார். ஆனால் அவர்களோடு உட்கார்ந்து பேசியபோது எனக்குத் தெரிந்தது வேறு. ஒரு பெண், தையல் வேலை செய்பவர், மொத்தமாக எவ்வளவு கூடுதலாகக் கொடுக்கப்போகிறார் என்பதை என்னைவிட வேகமாகக் கணக்குப் போட்டுச் சொன்னார். சொல்லிவிட்டு, "தெரியும், ஆனா அவ்வளவு பணம் என் கையில மொத்தமா ஒரு நாளும் சேராது. வாரக்கூலியில இருந்து இதைத்தான் என்னால பிரிக்க முடியும்" என்றார். அவர் வாங்கியது தையல் இயந்திரம். அது இல்லாமல் போகும் ஒவ்வொரு வாரமும் அவருக்கு இழப்பு. மொத்த விலை தெரிந்தும், காத்திருப்பது அதைவிட அதிகம் செலவு வைக்கும் என்று அவர் முடிவு செய்திருந்தார்.

செல்பேசியும் அப்படித்தான். கூலி வேலைக்கு ஆள் வேண்டும் என்றால் மேஸ்திரி செல்பேசியில்தான் கூப்பிடுகிறார். எடுக்காவிட்டால் அடுத்த எண்ணுக்குப் போய்விடுவார். செல்பேசி கெட்டுப்போன வாரத்தில் வேலையும் போய்விடும். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அது ஆடம்பரப் பொருளாகத் தெரிகிறது.

சும்மா சொல்லவில்லை, எங்கள் கடையில் ஆடம்பரத்துக்கு வாங்கியவர்களும் இருந்தார்கள். ஆனால் தவணை தவறியவர்களின் பட்டியலை எடுத்தால், ஆசைக்கு வாங்கியவர்களைவிட வேலை திடீரென்று நின்றுபோனவர்கள்தான் அதிகம். தவறினால் அபராதம். அபராதத்துக்கு வட்டி. கடைக்குப் பெரிய லாபமே அங்கிருந்துதான் வந்தது என்பதை நான்தான் எழுதி வைத்தேன். அந்தப் பணத்தை எந்தச் செலவுக் கணக்கில் சேர்ப்பது? அந்த வீடுகளில் யாரும் அதை விரும்பிச் செலவழிக்கவில்லை.

மழைத்துளி:

மொத்தமாக வாங்கினால் மலிவு, சில்லறையாக வாங்கினால் கூடுதல் விலை. இது எல்லாருக்கும் தெரியும். அப்படியிருந்தும் ஏன் சின்னச் சின்னப் பொட்டலமாக வாங்குகிறார்கள்? திட்டமிடல் இல்லை என்றுதானே அர்த்தம்?

கணக்குப்பிள்ளை:

இதற்கும் அழகான ஓர் ஆய்வு இருக்கிறது. யெஷிம் ஓர்ஹுன், மைக் பாலசோலோ என்ற இருவர் அமெரிக்கக் குடும்பங்கள் கழிவறைக் காகிதம் வாங்குவதைப் பல ஆண்டுத் தரவுகளில் பின்தொடர்ந்தார்கள். ஏன் அந்தப் பொருள்? மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக யாரும் அதைக் கூடுதலாகப் பயன்படுத்தப் போவதில்லை, கெட்டும் போகாது. மொத்தமாகவும் தள்ளுபடிக் காலத்திலும் வாங்குவதால் வரும் லாபத்தைக் குறைந்த வருமானக் குடும்பங்களால் மற்றவர்கள் அளவுக்கு எடுத்துக்கொள்ள முடியவில்லை என்று தெரிந்தது.

இதில் ஒரு முக்கியமான விவரம் உண்டு. மாத ஆரம்பத்தில், கையில் பணம் இருக்கும் நாட்களில், அதே குடும்பங்கள் மொத்தமாகவும் தள்ளுபடியிலும் வாங்குவது கூடியது. மாத ஆரம்பத்தில் திட்டமிடத் தெரிந்தவர்களுக்கு மாதக் கடைசியில் எப்படித் தெரியாமல் போகும்? கையில் காசு இல்லை, அவ்வளவுதான்.

மழைத்துளி:

சரி. ஆனால் சிறுகச் சிறுகச் சேர்க்கலாமே? ஒரு வருடம் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வைத்தால் அந்த மொத்தப் பணம் வந்துவிடாதா?

நீலவானம்:

சேர்க்கிறார்கள். அதுதான் நமக்குத் தெரியவில்லை. வங்காளதேசம், இந்தியா, தென்னாப்பிரிக்கா மூன்றிலும் 250-க்கு மேற்பட்ட ஏழைக் குடும்பங்களின் வரவு செலவைச் சில ஆய்வாளர்கள் ஏறக்குறைய ஒரு வருடம், சில வாரங்களுக்கு ஒருமுறை நேரில் போய்ப் பதிவு செய்தார்கள். நாட்குறிப்பு மாதிரி. எந்தக் குடும்பமும் நான்குக்குக் குறைவான வழிகளில் பணத்தைக் கையாளவில்லை. வீட்டில் ஒளித்து வைப்பது, அக்கம்பக்கத்தில் கொடுத்து வைப்பது, கைமாற்று, வட்டிக்கடன், குழுச் சேமிப்பு என்று ஒரே நேரத்தில் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. வருடக் கடைசியில் கையில் இருந்தது கொஞ்சம்தான். ஆனால் அந்த வருடத்தில் அவர்கள் கைவழியே உள்ளே போய் வெளியே வந்த தொகை அதைப்போலப் பல மடங்கு. கைக்கும் வாய்க்குமான பிழைப்பு என்று நாம் சொல்வதற்குள் இவ்வளவு கணக்கு வேலை நடக்கிறது.

அந்த ஆய்வாளர்களில் ஒருவரான ஜோனதன் மோர்டக், பின்னர் அமெரிக்காவில் 235 குடும்பங்களிடம் இதே மாதிரி செய்தார். சராசரியாக வருடத்தில் 5 மாதங்கள் வருமானம் வழக்கத்தைவிட 25 சதவீதத்துக்கு மேல் கூடியோ குறைந்தோ இருந்தது. ஒரு பணக்கார நாட்டிலேயே இந்த நிலைமை. இதில் "மாதம் பத்தில் ஒரு பங்கு சேமி" என்று அறிவுரை சொன்னால், எந்த மாதத்தின் பத்தில் ஒரு பங்கு?

அமாவாசை நிலா:

நான் அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவள். அம்மா கணக்கு நோட்டு எல்லாம் வைத்துக்கொள்ளவில்லை, எல்லாம் மனதில்தான்.

கடன் நான்கு இடத்தில் இருக்கும். அதில் ஒன்று அதிக வட்டி. ஒன்று பக்கத்து வீட்டுக்காரரிடம் வாங்கிய கைமாற்று, வட்டியே கிடையாது. அப்பாவுக்குக் கூலி வந்தால் அம்மா முதலில் அடைப்பது வட்டியில்லாத அந்தக் கைமாற்றைத்தான். படித்து முடித்து வேலைக்குப் போன புதிதில் நான் அம்மாவிடம் சண்டை போட்டிருக்கிறேன், வட்டி ஓடுவதை முதலில் அடைத்தால் என்ன என்று. அம்மா சொன்னார்: "வட்டிக்காரன் எப்பக் கேட்டாலும் கொடுப்பான், அவனுக்கு அதுதான் தொழில். ராத்திரி பத்து மணிக்கு உனக்குக் காய்ச்சல்னா கதவைத் தட்ட எனக்கு இந்த ஒரு வீடுதான் இருக்கு." காகிதத்தில் கணக்குப் போடுகிறவருக்கு அம்மா வட்டியை வீணாகக் கட்டினார். அம்மாவின் கணக்கில் அது அவசரத்துக்கு வைத்திருந்த வைப்பு.

அதேபோல ரொக்கம் வந்தால் வீட்டில் வைக்கமாட்டார், உடனே ஏதாவது பொருளாக மாற்றிவிடுவார். சும்மா இருக்கும் பணத்தை எல்லாரும் கேட்பார்கள், கேட்டவர்களும் கஷ்டத்தில்தான் இருப்பார்கள், இல்லை என்று சொல்ல முடியாது. பாத்திரத்தையோ பீரோவையோ யாரும் கடன் கேட்கமாட்டார்கள். வேண்டும்போது அடகு வைக்கலாம். பார்க்கிறவர்கள் "காசு வந்ததும் பொருள் வாங்கிட்டாங்க" என்று பேசினார்கள். எங்கள் வீட்டில் சேமிப்பு அந்த வடிவத்தில்தான் தங்கியது.

தணிக்கைத்துறை:

பணக்காரர்கள் பக்கத்தை யாரும் தொடவில்லை, நான் தொடுகிறேன். பெரிய சொத்துக்காரர்கள் சிலரின் கணக்குகளைத் தணிக்கை செய்வது என் தொழில்.

எளிமையான பணக்காரர் என்றால் எல்லாரும் அமெரிக்க முதலீட்டாளர் வாரன் பஃபெட்டைச் சொல்வார்கள். 1958-இல் 31,500 டாலருக்கு வாங்கிய அதே ஒமாகா வீட்டில்தான் இன்னும் வசிக்கிறார். அது உண்மை. ஆனால் 1980-களில் அவருடைய நிறுவனம் தனி விமானம் வாங்கியதும் உண்மை. நியாயப்படுத்தவே முடியாதது என்று பொருள்படும் பெயரை அதற்கு அவரே வைத்தார். வீட்டுக் கதை ஆயிரம் தடவை சொல்லப்படுகிறது, விமானக் கதை எப்போதாவதுதான். வீட்டைக் காட்டி "இப்படி இருந்தால் நீயும் பணக்காரன் ஆகலாம்" என்று பிறருக்குப் பாடம் நடத்துவதுதான் எனக்குச் சிரமமாக இருக்கிறது. அவர் பணக்காரரானது முதலீட்டினால். வீடு மாற்றாமல் மிச்சம் பிடித்ததால் அந்தச் செல்வம் வந்துவிடவில்லை.

நான் பார்க்கும் கணக்குகளிலும் இப்படித்தான். சொந்தச் செலவு என்று எழுதியிருக்கும் தொகை ஆச்சரியப்படும் அளவுக்குச் சிறியதாக இருக்கும். கார் நிறுவனத்தின் பெயரில், ஓட்டுநர் நிறுவனச் சம்பளத்தில், செல்பேசிக் கட்டணம், பயணம், விருந்து எல்லாம் தொழில் செலவில். வீடு ஒரு அறக்கட்டளையின் பெயரிலோ குடும்ப நிறுவனத்தின் பெயரிலோ இருக்கும். அந்தச் சொத்துக்காரரிடம் நேரில் பேசினால் "எனக்குச் செலவே கிடையாது" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அந்தப் பணம் அவர் கையைத் தொடுவதே இல்லை, அதனால் செலவாகவே அவருக்குத் தெரியவில்லை.

பெரிய தொகை வேண்டும் என்றால் பங்குகளை விற்கமாட்டார்கள், அவற்றை ஈடாக வைத்துக் கடன் வாங்குவார்கள். விற்றால் ஆதாயத்துக்கு வரி கட்ட வேண்டிய நாடுகளில், கடனுக்கு அந்த வரி கிடையாது. சொத்து வளர்ந்துகொண்டே இருக்கும், வட்டியோ மிகக் குறைவு. தவணைப் புத்தகம் சொன்ன அந்தத் தையல்காரப் பெண் கூடுதலாகக் கட்டிய பணத்தையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடன் வாங்குவது ஒழுக்கக் கேடு என்று ஏழைக்கு மட்டும்தான் சொல்கிறோம்.

இன்னொரு விஷயமும் சொல்லிவிடுகிறேன். பணக்காரர்கள் தண்ணீராய்ச் செலவழித்து அழிகிறார்கள் என்பதும் பொதுவான உண்மை கிடையாது. 2004-இல் கேரன் டைனன், ஜோனதன் ஸ்கின்னர், ஸ்டீபன் செல்டிஸ் மூவரும் அமெரிக்கத் தரவுகளை வைத்து, வாழ்நாள் வருமானம் கூடுதலாக இருப்பவர்கள் அதில் கூடுதல் பங்கைச் சேமிக்கிறார்கள் என்று காட்டினார்கள். செலவு செய்த பிறகும் மீதி இருக்கிறது, அதனால் சேர்கிறது. இதில் குணத்தைத் தேடுவது வீண் வேலை.

கடைசி பெஞ்ச்:

நல்ல விவரங்கள். ஆனால் பகட்டு? அதற்கு ஏழைகளிடமும் பஞ்சமில்லையே.

கணக்குப்பிள்ளை:

பகட்டு எல்லாரிடமும் உண்டு. யார் கண்ணுக்காகச் செய்கிறோம் என்பதில்தான் வித்தியாசம். கெர்வின் சார்ல்ஸ், எரிக் ஹர்ஸ்ட், நிக்கோலாய் ருசனோவ் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், உடை, நகை, வாகனம் போன்ற கண்ணில் படும் பொருட்களுக்கு ஒருவர் எவ்வளவு செலவழிப்பார் என்பது அவர் எந்தக் கூட்டத்தோடு ஒப்பிடப்படுகிறார் என்பதைப் பொறுத்தது என்று வந்தது. சுற்றியிருப்பவர்கள் ஏழைகளாக இருந்தால், நான் அவ்வளவு ஏழை இல்லை என்று காட்ட வேண்டிய தேவை கூடுகிறது. வீடு வாடகைக்குத் தருவாரா, வேலை தருவாரா என்பதெல்லாம் தோற்றத்தைப் பார்த்து முடிவாகும் உலகத்தில் அது வெறும் ஆசை மட்டும் என்று எப்படிச் சொல்வது? எல்லாருக்கும் தெரிந்த பணக்காரர் கசங்கிய சட்டையோடு வந்தால் எளிமை என்று புகழ்கிறோம். ஏழை வந்தால் வாசலிலேயே நிறுத்துகிறோம்.

"ஏழைக்குக் கணக்குத் தெரியாது" என்பதற்கு எதிராக இன்னொன்று. அனுஜ் ஷா, எல்டார் ஷாஃபிர், செந்தில் முல்லைநாதன் 2015-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரு பொருளில் 50 டாலர் மிச்சம் பிடிக்க வேறு கடைவரை போவீர்களா என்ற கேள்வி. பொருளின் விலை குறைவாக இருந்தால் வசதியானவர்கள் போகிறேன் என்கிறார்கள், விலை கூடினால் அதே 50 டாலரை விட்டுவிடுகிறார்கள். குறைந்த வருமானக்காரர்களிடம் இந்த ஆட்டம் மிகக் குறைவு. பொருள் எதுவானாலும் 50 டாலர் 50 டாலர்தான். பொருளாதாரப் பாடத்தில் பகுத்தறிவு என்று எதைச் சொல்கிறார்களோ அதற்கு அருகில் இருப்பது அவர்கள்தான்.

கடைசி பெஞ்ச்:

இதை நான் கேள்விப்பட்டதில்லை, யோசிக்க வைக்கிறது. என்றாலும் என் ஆதங்கத்தைச் சொல்லிவிடுகிறேன். என் உறவில் ஒருவர் சம்பளத்தை வீட்டுக்குக் கொண்டுவந்ததே இல்லை. பிள்ளைகள் பட்டினி கிடந்ததைப் பார்த்தவன் நான். "ஏழைகள் குடிப்பதில்லை" என்று யாராவது பேசினால் எனக்குக் கோபம் வருகிறது, அதில் அந்தப் பிள்ளைகள் மறைந்துவிடுகிறார்கள்.

அமாவாசை நிலா:

உங்கள் கோபம் நியாயமானது. குடும்பம் என்று ஒரே ஆளாக எண்ணுவதில்தான் அந்தப் பிள்ளைகள் மறைகிறார்கள். பிரிட்டனில் 1970-களின் கடைசியில் பிள்ளைகளுக்கான உதவிப் பணம் அப்பாவின் சம்பளத்தோடு வருவது நின்று, அம்மாவின் கைக்கு நேராகப் போக ஆரம்பித்தது. அதைப் பிறகு ஆராய்ந்தவர்கள், ஆண்களின் உடைச் செலவோடு ஒப்பிடும்போது பிள்ளைகள், பெண்களின் உடைச் செலவு கூடியிருந்ததைக் கண்டார்கள். குடும்பத்துக்குள் வந்த பணத்தில் பெரிய மாற்றமில்லை, வாங்கும் கை மாறியது. உங்கள் உறவினர் வீட்டிலும் கேள்வி அதுதான். இன்னொரு விஷயம், அப்படிப்பட்ட ஆட்கள் வசதியான வீடுகளிலும் இருக்கிறார்கள். அங்கே பிள்ளைகள் பட்டினி கிடப்பதில்லை, அதனால் வெளியில் தெரிவதில்லை.

மழைத்துளி:

இவ்வளவும் படித்த பிறகு ஒரு கேள்வி. என்னிடம் நான்கு பேர் வேலை செய்கிறார்கள். பணம் வரும் நேரம்தான் சிக்கல் என்றால், நான் செய்யக்கூடியது என்ன? சம்பளத்தைக் கூட்டுவது என்று மட்டும் சொல்லாதீர்கள், அது அடுத்த ஆண்டுதான் முடியும்.

தவணைப் புத்தகம்:

சம்பளத் தேதியை மாற்றாதீர்கள். ஒன்றாம் தேதி என்றால் ஒன்றாம் தேதி, ஞாயிறு வந்தால் சனிக்கிழமையே. எங்கள் கடையில் தவணை தவறியவர்களில் நிறையப் பேருக்குக் கூலி கிடைத்தது, நான்கு நாள் தள்ளிக் கிடைத்தது. அந்த நான்கு நாளுக்கு அபராதம் விழுந்தது.

அமாவாசை நிலா:

முன்பணம் கேட்டால் காரணம் கேட்காமல் கொடுங்கள், அடுத்த சம்பளத்தில் முழுதாகப் பிடிக்காமல் மூன்று நான்கு மாதத்தில் பிரித்துப் பிடியுங்கள். முழுதாகப் பிடித்தால் அந்த மாதமே மறுபடி வட்டிக்குப் போவார்கள். அவர்களையே கேளுங்கள், மாதச் சம்பளம் வசதியா வாரச் சம்பளம் வசதியா என்று. ஆளுக்கு ஆள் வேறுபடும்.

மழைத்துளி:

நான்கு பேரில் இருவர் போன மாதம் முன்பணம் கேட்டார்கள், இந்த மாதம் முழுதாகப் பிடிப்பதாக இருந்தேன். நாளைக்குப் பேசி மூன்று மாதமாகப் பிரித்துவிடுகிறேன்.